நாலாம் நம்பர் மைக்

ஆளில்லாத அறையில் ஃபேன் தானாக நிற்கிறது, தானாக ஓடுகிறது என்று யாராவது வந்து சொன்னால், ரிப்பேர்க் கடைக்காரன் முதலில் கேட்பது கெபாசிட்டர் எப்போது மாற்றினீர்கள் என்பதுதான். நானும் அதைத்தான் கேட்டேன்.

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. நான் வீட்ல இருக்கறப்போ ஒரு தடவைகூட நிக்கல,” என்றாள் எங்கள் தெருப் பெண். “மத்தியானம் மட்டும்தான். மூணேகாலுக்கு நிக்கும், ஏழெட்டு நிமிஷம் கழிச்சு மறுபடி ஓடும். தினம் இதே கதை.”

“மத்தியானம் நீ மாத்திரை கம்பெனி பேக்கிங் ஹால்லல்ல இருப்பே?”

“அங்க இருந்துதானே கேக்கறேன்.”

குடையை மடக்காமலே வாசலில் நின்றாள். ஐந்து நாளாக விடாத தூறல். கடைக்குள் இருந்த பழைய ஆம்ப்ளிஃபயர்களெல்லாம் ஈர நாய் மாதிரி நாற்றம் பிடித்துக் கிடந்தன. உள்ளே வா என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“எந்த ரூம் ஃபேன்?” என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

“மாமா ரூம்ல இருக்கறதுதான்.”

அவள் மாமனார் இறந்து பத்து வாரம் ஆகியிருந்தது.

அவள் வீட்டுக்காரனை எங்கள் தெருவில் டிஜே என்றுதான் கூப்பிடுவோம். அவன் அம்மா வைத்த பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும். முன்பெல்லாம் விருந்து ஹால்களில் விடிய விடியப் பாட்டுப் போட்டு ஆட்டம் காட்டியவன். இடுப்பு வலி வந்ததும் வீட்டு முன்னறையிலேயே மேஜையைப் போட்டுக்கொண்டு, தினமும் மத்தியானம் இரண்டிலிருந்து நாலு வரை நேரலையில் பாட்டுப் போட ஆரம்பித்தான். கேட்பவர்கள் ஆடுகிறவர்கள் அல்ல. தையல் கடைக்காரர்கள், துணி தேய்ப்பவர்கள், ரொட்டி அடுப்புக்காரர்கள், அவன் பெண்டாட்டி மாதிரி மாத்திரை அட்டையைப் பெட்டியில் அடைக்கிற பெண்கள். இரண்டு மணி நேரமும் பாட்டுக்குப் பாட்டு இடைவெளி இருக்காது. ஒன்று முடிவதற்குள் அடுத்தது அதே தாளத்தில் உள்ளே நுழைந்திருக்கும். அதைக் கேட்டுக்கொண்டு வேலை செய்தால் கை ஓயாது என்று பேக்கிங் ஹால் சூப்பர்வைசரே அலமாரி மேல் ஸ்பீக்கர் வைத்துக் கொடுத்திருந்தார்.

அந்த மேஜையைக் கட்டிக் கொடுத்தவன் நான். நாலு கட்டை உள்ள சின்ன மிக்ஸர். கட்டையை மேலே தள்ளினால் சத்தம் வெளியே போகும், கீழே இழுத்தால் போகாது. முதல் இரண்டு கட்டையும் பாட்டுக்கு. மூன்றாவது அவன் பேசுகிற மைக். நாலாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவன் அப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். வயதான காலத்தில் கால் இரண்டும் விழுந்துவிட்டது. உள்ளறையில் கட்டில், கை எட்டும் தூரத்தில் ஃபேன் ஸ்விட்ச், ஒரு ஸ்டூலில் தண்ணீர். மகன் பத்தடி தள்ளித்தான் இருப்பான். ஆனால் ஹெட்போனை மாட்டிவிட்டால் வீட்டுக்குள் லாரி வந்தாலும் அவனுக்குத் தெரியாது. மருமகளுக்கு நாலரை வரை வேலை. அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள்.

“அண்ணே, ஒரு மைக்கை மாமா ரூம்ல தொங்கவிட்டு, அந்தச் சத்தத்தையும் பாட்டோட கொஞ்சூண்டு சேர்த்து அனுப்ப முடியுமா? ஹால்ல நான் கேட்டுக்கறேன். ஏதாவதுன்னா இவருக்கு போன் போடறேன்.”

“ஊரெல்லாம் உங்க மாமனார் இருமலைக் கேக்கணுமா?” என்று சிரித்தேன்.

“கேட்டா கேக்கட்டுமே. யாருக்கு இருமல் வரல?”

நானும் தொங்கவிட்டேன். அதுதான் நாலாம் நம்பர் மைக். டிஜேயின் ஹெட்போனில் மட்டும் அது வராது. இரண்டு பாட்டின் தாளத்தைக் கோர்க்கிறவனுக்கு இடையில் இருமல் கேட்டால் கோர்வை தப்பிவிடும், வேண்டாம் என்றான். சரி என்று விட்டுவிட்டேன். அப்படி விட்டதால் பின்னால் நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு, அதை மறைப்பதற்கில்லை.

ஒன்றரை வருடம் அது நன்றாகவே நடந்தது. பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிற மேஜையில் இவளுக்கு மட்டும் பாட்டுக்கு அடியில் இன்னொன்று கேட்கும். ஃபேனுக்கு ஒரு டக் உண்டு, சுற்றுக்கு ஒரு தடவை. கட்டில் முனகும். பிறகு அவர் குரல். கிரேன் மேலே உட்கார்ந்து வாக்கி டாக்கியில் பேசியே பழகிய மனிதர். எதைச் சொன்னாலும் கடைசியில் “கேக்குதா?” என்று முடிப்பார். முடித்துவிட்டு, எதிரில் இருப்பவர் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் சும்மா இருப்பார்.

“அம்மாடி, மாத்திரை போட்டுட்டேன். கேக்குதா?”

“கேக்குது மாமா,” என்று இவள் ஸ்பீக்கரைப் பார்த்துச் சொல்வாள்.

அவள் பதில் அவருக்குப் போகாது. அவர் பேச்சே அரை நிமிஷம் தாமதமாகத்தான் ஹாலுக்கு வரும். அதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரியும். மேஜையில் இருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். “புருஷன் பாட்டுப் போடறான், பொண்டாட்டி மாமனாரோட பேசறா” என்பார்கள். தண்ணீர், போர்வை, படுக்கை மாற்றுவது என்று எது வேண்டுமென்றாலும் இவள் போன் போடுவாள். அவன் மேஜையில் போன் வெளிச்சம் மின்னும். ஹெட்போனைக் கழற்றிவிட்டு உள்ளே போவான்.

அவர் இறந்த அன்று அப்படி எதுவும் நடக்கவில்லை. நாலு மணிக்கு முடித்துவிட்டு டிஜே டீயோடு உள்ளே போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது. உயிர் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

“எனக்கு ஒண்ணும் கேக்கலையேண்ணே,” என்று அன்றிலிருந்து என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். “ஃபேன் சத்தம்கூட இல்ல. குளிருதுன்னு நிறுத்திட்டுத் தூங்கறாராக்கும்னு நெனச்சேன். அன்னிக்குப் பார்த்து ஹால்ல ஒருத்தி அவ வீட்டுப் பூனை கதை சொன்னா. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்புல மாமா கூப்பிட்டது போயிடுச்சோ என்னவோ.”

டாக்டரிடம் கேட்டாள். பக்கத்து வீட்டில் கேட்டாள். பூனை கதை சொன்னவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆள் பாதியாக இளைத்துப் போனாள். மூன்று வாரம் கழித்து அவன் மறுபடி நேரலை ஆரம்பித்தபோது நாலாம் நம்பரைக் கழற்றப் போனேன். விடவில்லை. “இருக்கட்டும்ணே. ஃபேனும் ஓடட்டும். ரூம் அடைஞ்சு கிடக்கக் கூடாது,” என்றாள். ஆளில்லாத அறையின் சத்தம் தினமும் பாட்டோடு போய்க்கொண்டிருந்தது. ‘அப்பா இருமலையே காணோமே, நல்லா இருக்காரா?’ என்று விஷயம் தெரியாத யாரோ எழுதிக் கேட்டார்களாம்.

இப்போது மழையில் நின்றுகொண்டு இதைக் கேட்கிறாள்:

“அன்னிக்கும் ஃபேன் நின்னிருந்துச்சு, இப்பவும் நிக்குது. ஸ்விட்ச் கட்டில் பக்கத்துல இருக்கு. அவர்தான் நிறுத்தறாரோண்ணே?”

பயந்து கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடு என்பதுபோல் கேட்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது. படித்த பெண், என்ன பேச்சு இது என்று தோன்றியது. ஆனாலும் தொழில் புத்தி சும்மா இருக்கவில்லை.

“நிக்கறப்போ எப்படி நிக்குது? மெதுவாகி மெதுவாகி நிக்குதா, கத்தரிச்ச மாதிரி நிக்குதா?”

யோசித்தாள். “கத்தரிச்ச மாதிரி.”

“அன்னிக்கு?”

“அன்னிக்கு ரெண்டு மணியிலருந்தே இல்லண்ணே.”

ஓடுகிற ஃபேனை நிறுத்தினால் டக் சத்தம் தள்ளித் தள்ளி விழுந்து, கடைசியாக ஒன்று விழும். கத்தரித்த மாதிரி நிற்காது. கத்தரித்த மாதிரி நிற்பது மிக்ஸரில் கட்டையை இறக்கினால்தான்.

“வோல்டேஜா இருக்கும். நாளைக்கு வந்து பாக்கறேன்,” என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் காலை, அவள் வேலைக்குப் போனதும் போனேன். டிஜே கதவைத் திறந்தான். தாடி, கசங்கின பனியன். மழை ஈரத்துக்கு மிக்ஸரைத் துடைத்துத் தருகிறேன் என்றேன். “துடைங்கண்ணே, நான் ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்,” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனான். மிக்ஸரின் பின்பக்கம் இருந்த மெமரி கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

போன வருடம் அந்த மிக்ஸரில் ஒரு உறுமல் சத்தம் வந்தது. எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்க, நாலு சத்தத்தையும் தனித்தனியாக அந்தக் கார்டில் பதிகிற மாதிரி வைத்தேன். உறுமலைச் சரி செய்துவிட்டு இதை எடுக்க மறந்துவிட்டேன். அந்தப் பதிவு கட்டைக்கு முன்னாலேயே நடந்துவிடும். குழாயை மூடினாலும் தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருப்பது போல, கட்டையை இறக்கினாலும் கார்டில் விழுந்துகொண்டே இருக்கும். வெளியே போவது மட்டும்தான் பதிவாகிறது என்று டிஜே நினைத்திருந்தான். ஒரு நாள் பதிவு கார்டில் மூன்று மாதம் வரை நிற்கும். அதற்குப் பிறகு பழசை அழித்துக்கொண்டு புதுசு ஏறும்.

கடைக் கதவைச் சாத்திவிட்டு முந்தின நாள் பதிவைப் போட்டேன். நாலாம் நம்பர் மட்டும்.

ஃபேன் நிற்கவே இல்லை. டக், டக் என்று ஓடிக்கொண்டிருந்தது. மூணேகாலுக்குக் காலடிச் சத்தம். கட்டில் முனகியது. என் கை மயிரெல்லாம் சிலிர்த்துக்கொண்டது. பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு டிஜேயின் குரல்.

“அப்பா. இன்னிக்கும் சொல்லலப்பா. அவ மூஞ்சியைப் பார்த்தா வாய் வர மாட்டேங்குது.”

அந்த நேரத்தில் அவன் எட்டு நிமிஷப் பாட்டு ஒன்று போடுவான். அதைப் போட்டுவிட்டு, நாலாம் கட்டையை இறக்கிவிட்டு, கட்டிலில் போய் உட்கார்ந்திருக்கிறான். பாட்டு முடிகிற நேரம் எழுந்து போய்க் கட்டையை ஏற்றியிருக்கிறான். முந்தின நாள், அதற்கு முந்தின நாள், எல்லா நாளும் இப்படித்தான். அப்பா இருக்கும்போது பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்காராதவன்.

பிறகு பத்து வாரத்துக்கு முந்தின அந்த நாளைத் தேடி எடுத்தேன். இரண்டு நாற்பதில் ஸ்டூலிலிருந்து எதுவோ விழுந்து உருண்டது.

“அம்மாடி. தண்ணி டம்ளர் விழுந்துடுச்சு. கேக்குதா?”

ஒரு பதிலுக்கு ஆகிற நேரம். டக், டக்.

“அம்மாடி. நெஞ்சு ஒரு மாதிரி அழுத்துது. அவனுக்கு ஒரு போன் போடு. கேக்குதா?”

டக், டக்.

“நீ வேலையா இருப்பே. கை ஒழிஞ்சப்புறம் போடு. அவசரமில்ல.”

அதற்குப் பிறகு “அம்மாடி” மட்டும். பிறகு “கேக்குதா?” மட்டும். மொத்தம் பதினொரு நிமிஷம். மகனை ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அவனுக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியும். இவளுக்குக் கேட்கும் என்று நம்பியிருந்தார்.

நாற்பது வருடமாக இந்தக் காதை வைத்துத்தான் பிழைக்கிறேன். அன்று இது இல்லாமல் இருந்தால் தேவலை என்று நினைத்தேன்.

ஒரு மணிக்கு மறுபடி போனேன். கார்டை மேஜை மேல் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

“நாலாவதை ஏன்டா இறக்கினே?” என்றேன். “அன்னிக்கு?”

“என்னண்ணே சொல்றீங்க?”

“பூசி மெழுகாதே. எல்லாம் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். மழை ஜன்னல் தகரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அன்னிக்கு ஒரு பெரிய ஹோட்டல்காரங்க கேட்டுட்டிருந்தாங்கண்ணே. அவங்க சாப்பாட்டு ஹாலுக்குத் தினமும் என் பாட்டுன்னு பேச்சு. அதுக்கு நடுவுல இருமல், செருமல்னு வந்தா நல்லாவா இருக்கும்? ரெண்டு மணி நேரம்தானேன்னு இறக்கினேன்.”

“அவகிட்ட சொன்னியா?”

“மறந்துட்டேன்.”

“மறந்தியா?”

“சொன்னா வேணாம்னு சொல்லுவா. அதான் சொல்லல.”

“சரி, அன்னிக்குப் புத்தி கெட்டுப் போச்சு. அதுக்கப்புறம்? சிரிச்சதாலதான் கேக்கலன்னு அவ தன்னையே தின்னுட்டிருக்காளே. பாத்துக்கிட்டுத்தானே இருக்கே? பத்து வாரமா ஒரே பாயில படுத்துக்கிட்டு, எப்படிடா மனசு வந்துச்சு?”

“சொன்னா போயிடுவாண்ணே.” அழுகிற குரல் இல்லை. கணக்குப் பார்த்து முடித்துவிட்ட குரல். “அப்பாவும் போய், அவளும் போயிட்டா இந்த வீட்ல நான் யாருக்குப் பாட்டுப் போடறது? இவ்வளவு நாளும் ஊருக்கா போட்டேன்? அவ கேக்கறான்னுதான் போட்டேன்.”

“அதை அவகிட்ட சொல்லு.”

கார்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். “இதுல அப்பா பேசறாரா?”

“பேசறார்.”

“என்னைக் கூப்பிடறாரா?”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். புரிந்துகொண்டான்.

“இது தானா அழிஞ்சிடும்ல? மூணு மாசம்னு சொல்லியிருக்கீங்க. இன்னும் ரெண்டு வாரம்…”

கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். சின்னப் பிள்ளையாக இருந்திருந்தால் அறைந்திருப்பேன். “அவரு யாரைக் கூப்பிட்டாரோ அவ கேக்கட்டும். நாளைக்கு நீ சொல்றே. இல்லேன்னா நான் சொல்லிடுவேன். வேற கார்டு போட்டுக்கோ,” என்று சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது, அடுத்தவன் வீட்டுக்குள் இவ்வளவு தூரம் மூக்கை நுழைத்துவிட்டோமே என்றும் இருந்தது.

மறுநாள் மூன்று மணிக்கு அவளே கடைக்கு வந்தாள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். “பாத்தீங்களாண்ணே?” என்றாள்.

“இன்னிக்கு இங்க உக்காந்து கேளு. அப்புறம் பேசுவோம்.”

ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். மேஜை மேல் ஸ்பீக்கரில் அவன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். மூணேகாலுக்கு அந்த எட்டு நிமிஷப் பாட்டு வந்தது. எனக்குப் பாட்டு மட்டும்தான் கேட்டது. அவள் தலையைச் சாய்த்துக்கொண்டு அதற்கு அடியில் கேட்டாள்.

“ஃபேன் நிக்கல,” என்றாள்.

ஒரு நிமிஷம் போயிற்று.

“கட்டில் சத்தம்.” டம்ளரைக் கீழே வைத்தாள். “யாரோ உக்கார்றாங்க.”

பாட்டை அவன் குறைக்கவே இல்லை. தையல் கடையிலும் ரொட்டி அடுப்பிலும் எல்லோருக்கும் அது வெறும் பாட்டு. என் காதுக்கும் ஒரு முணுமுணுப்பு, ஒரு “கேக்குதா” மட்டும்தான் தட்டுப்பட்டது. போனில் கேட்பதைப் பக்கத்திலிருப்பவருக்குச் சொல்வதுபோல அவள் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

“நான்தான்கறார்… நாலாவதை நான்தான் இறக்கி வெச்சிருந்தேன்கறார்… நீ சிரிச்சதால இல்லங்கறார்… சத்தமே உனக்கு வரலங்கறார்… தினமும் நான்தான் வந்து உக்கார்றேன்கறார்.” கொஞ்சம் நிறுத்தினாள். “போறதா இருந்தா போங்கறார். ஆனா சிரிச்சதாலன்னு நெனச்சுக்கிட்டுப் போகாதேங்கறார்.”

அழுவாள் என்று நினைத்தேன். ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு முன்னாடியே சந்தேகம் இருந்துச்சா தங்கச்சி?”

“பேய் பிசாசுன்னு நம்பற ஆளாண்ணே நான்?” என்றாள். “அந்த வீட்ல ஃபேன் சத்தத்தை நிறுத்தக்கூடியவங்க ரெண்டு பேர். மாமாவா இருக்கட்டும், இவரா இருக்கக் கூடாதுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். தினமும் மூணேகாலுக்கு நெனச்சேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். முகத்தில் ஈரமே இல்லை.

“அன்னிக்கு மாமா கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டார்.”

“யாரை?”

“உன்னைத்தான்.”

“இருக்கா அது?”

இருக்கிறது என்றேன். இன்றைக்கு வேண்டாம், பத்து நாள் போகட்டும், அழியாமல் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன்.

“பத்து வாரமா காத்துக்கிட்டிருக்காருண்ணே. போடுங்க.”

ஹெட்போனை அவள் காதில் வைத்து, இரண்டு நாற்பதிலிருந்து ஓடவிட்டேன். அங்கே நிற்க முடியவில்லை. வாசலுக்கு வந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு அவள் குரல், ஹால் மேஜையில் பன்னிரண்டு பேருக்கு நடுவே சொல்வது போலவே, சத்தமாக.

“கேக்குது மாமா.”

கொஞ்சம் இடைவெளி.

“கேக்குது மாமா.”

மேஜை ஸ்பீக்கரில் எட்டு நிமிஷப் பாட்டு முடிந்துவிட்டது. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அடுத்த பாட்டு வரவில்லை. ஃபேனின் டக் சத்தம் இப்போது எனக்கே தெளிவாகக் கேட்டது. எதிர் வரிசைத் தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்து, “என்ன ஆச்சு, பாட்டைக் காணோம்?” என்று கேட்டார். நான் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னேன். ஸ்பீக்கரில் கட்டில் முனகவில்லை. அவன் எழுந்திருக்கவில்லை. உள்ளே அவள், பதினொரு நிமிஷமும், ஒன்று விடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.